அப்பா, சட்டையைக் கழட்டு!

“சட்டையைக் கழட்டுங்க சார்!” என்றார் சிஸ்டர்.

திடுக்கிட்டு, எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. நான் பி.காம். படித்தவன். பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஆஸ்பத்திரியில் என்னால் ஆகக்கூடிய காரியம் ஃபிளாஸ்க்கில் காபி வாங்கி வருவதும், எதிரே வருகிற வெள்ளை கோட்டுகளிடம் எல்லாம் ‘ஒண்ணும் பிரச்னை இல்லையே?’ என்று கேட்பதும்தான் என்று நம்பியிருந்தவன்.

“சிஸ்டர், ஊசி எனக்கு இல்லை. நான் குழந்தையோட அப்பா...”

“அதனாலதான் சொல்றேன். பனியனையும் சேர்த்து. வாட்ச், மோதிரம் எல்லாம் கழட்டிட்டு, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க.”

இது நடந்தது 2022 ஆகஸ்டில். என் மகள் பிறந்து மூன்றாவது நாள். நியாயமாக அக்டோபரில் வந்திருக்க வேண்டியவள். 31 வாரத்திலேயே வந்துவிட்டாள். எடை 1,350 கிராம். தீபாவளிக்கு ஆபீஸில் தருகிற ஒரு கிலோ ஸ்வீட் பாக்ஸைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

பாங்க் பாஷையில் இதற்கு ‘பிரிமெச்சூர் க்ளோஷர்’ என்று பெயர். ஃபிக்ஸட் டெபாசிட்டை முன்கூட்டி உடைத்தால் வட்டியில் கை வைப்பார்கள். இங்கே எதில் கை வைப்பார்களோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது.

மனைவிக்கு பி.பி. எகிறி, அவசரமாக சிசேரியன். அவள் ஒரு மாடியில், குழந்தை இன்னொரு மாடியில், நடுவில் மாடிப்படியில் நான். பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர் தன் பங்குக்கு, “ஏழு மாசத்துல பொறந்தாக்கூடப் பொழைச்சுக்கும். எட்டாம் மாசம்தான் கஷ்டம்பாங்க” என்று ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு குண்டையும் வைத்துவிட்டுப் போனார். டாக்டரம்மாவிடம் கேட்டேன். “அப்படி ஒரு கணக்கே கிடையாது. வயித்துக்குள்ள கூட இருக்கிற ஒவ்வொரு வாரமும் லாபம்தான். ஏழைவிட எட்டு நல்லது” என்றார். உறவுக்காரரின் ஆரஞ்சை நிம்மதியாக உரித்துச் சாப்பிட்டேன்.

சட்டையைக் கழற்றிவிட்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன். தலையில் குல்லா, காலில் சாக்ஸ், ஒரு டயப்பர். மூக்கில் பால் ட்யூப். இந்த அலங்காரத்தோடு மகளைக் கொண்டுவந்து என் வெற்று நெஞ்சில் நிமிர்த்தி வைத்தார் சிஸ்டர். கால் இரண்டும் தவளை மாதிரி மடங்கி, கை இரண்டும் மடங்கி, முகம் ஒரு பக்கமாகத் திரும்பி... மேலே ஒரு துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

“எவ்வளவு நேரம் சிஸ்டர்?”

“ஒரு மணி நேரத்துக்குக் குறையாம. முடிஞ்சா ராத்திரி முழுக்க.”

எனக்கு மூச்சுவிடவே பயம். நான் மூச்சை இழுத்தால் அவள் மேலே போகிறாள், விட்டால் கீழே இறங்குகிறாள். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால், மானிட்டரில் தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்த நம்பர்கள் அடங்கியிருந்தன. மகள் தூங்கிவிட்டாள். முப்பது வருஷமாக எதற்கும் உதவாத என் நெஞ்சுக்கு அன்றைக்குத்தான் ஒரு வேலை கிடைத்தது.

இன்குபேட்டர் பற்றாக்குறையால் வந்த வைத்தியம்!

இதற்குக் ‘கங்காரு பராமரிப்பு’ என்று பெயர். ஆரம்பித்தது கங்காரு இருக்கும் ஆஸ்திரேலியாவில் அல்ல. தென்அமெரிக்காவில், கொலம்பியாவின் தலைநகரமான பொகோட்டாவில். 1978-ல் அங்கே ஓர் ஏழைகள் ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகள். ஒன்றிடமிருந்து ஒன்றுக்குத் தொற்று. எட்கர் ரேய் என்ற டாக்டர் யோசித்தார். பெட்டி தருவது சூடுதானே? அந்தச் சூடு அம்மாவிடமே இருக்கிறதே! குழந்தையை அம்மா நெஞ்சோடு கட்டிவிட்டார்.

பணம் இல்லாததால் செய்த ஏற்பாடு என்று அப்போது பலர் நினைத்தார்கள். இன்று பணக்கார நாடுகளிலும் இதுதான். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2021-ல் வெளிவந்தது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளை, உடல்நிலை தேறும்வரை காத்திருக்காமல் பிறந்ததுமே நெஞ்சில் போட்டார்கள். 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 சதவிகிதம். தேறியபிறகு போட்ட குழந்தைகளில் 15.7 சதவிகிதம். வித்தியாசம் தெரிந்ததும், இனி எல்லோருக்கும் இதையே செய்யலாம் என்று ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

என் மகள் வீட்டுக்கு வந்தபின், அதே வருஷம் நவம்பரில் உலக சுகாதார நிறுவனமும் குறைமாதக் குழந்தைகளுக்கான பரிந்துரைகளை வெளியிட்டது. கங்காரு பராமரிப்பு எல்லோருக்கும் வேண்டும். ஒரு நாளைக்கு 8 மணியிலிருந்து 24 மணி நேரம் வரை. எட்டு மணி நேரம்! அதாவது ஒரு முழு ஆபீஸ் ஷிஃப்ட்.

ஆளுக்கு ஆள் பிரித்துக்கொண்டோம். பகலில் மனைவி. மாலையில் மாமியார். ராத்திரி பத்து மணிக்கு மேல் நான். பக்கத்து நாற்காலியில் இன்னொரு அப்பா. ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை. அவர் மகன் 28 வாரம், ஒரு கிலோ. பகலெல்லாம் ஆபீஸ், ராத்திரி எட்டரைக்கு டிபன் பாக்ஸோடு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். லீவு கேட்டதற்கு மேனேஜர், “பெத்தது உங்க வொய்ஃப்தானே?” என்றாராம்.

மத்திய அரசு ஊழியர் என்றால் அப்பாவுக்கு 15 நாள் லீவு உண்டு. தனியார் கம்பெனிக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. எனக்கு அந்தப் பிரச்னையே இல்லை. லீவு மறுக்க மேனேஜர் கிடையாது. சம்பளம் கொடுக்கவும் ஆள் கிடையாது.

சுருண்டு கிடப்பதும் ஒரு வேலை

ஒரு நாள் பிசியோதெரபிஸ்ட் மேடம் வந்தார். மகளை மல்லாக்க வைத்துக் காட்டினார். கையும் காலும் இரண்டு பக்கமும் விரிந்து, படுக்கையோடு ஒட்டிக் கிடந்தன.

“பாருங்க சார். வயித்துக்குள்ள கடைசி ரெண்டு மாசம் இடம் பத்தாது. குழந்தை கையைக் காலை மடக்கிச் சுருண்டுதான் கிடக்கும். உதைச்சா சுவர் தடுக்கும். அதுதான் அதோட ஜிம். இவ அந்த ஜிம்முக்குப் போகாமலேயே வந்துட்டா. தசையில இறுக்கம் வரலை. இப்படியே விரிஞ்சு கிடந்தா, பின்னால கையை நடுவுல கொண்டுவர்றது, தலையைத் தூக்கறது எல்லாம் தாமதமாகும்.”

வழி? ஒரு டவலைச் சுருட்டி அவளைச் சுற்றி குருவிக்கூடு மாதிரி வைத்தார். காலுக்குக் கீழே ஓர் அணை. உதைத்தால் எதிலாவது படவேண்டும். கை இரண்டும் வாய்க்குப் பக்கத்தில். இதெல்லாம் மானிட்டர் ஓடுகிற வார்டில்தான். வீட்டுத் தொட்டிலில் தூங்கும்போது மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், பக்கத்தில் துணிச்சுருள், தலையணை எதுவும் கூடாது என்றும் எச்சரித்தார்.

“உங்க நெஞ்சுல மடங்கிக் கிடக்கிறாளே, அதுவும் இதே வேலைதான்” என்றார். நான் சூடு கொடுப்பதாக மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். ஜிம்மும் நடத்துகிறேனாம்!

அத்தையும் எண்ணெய்க் கிண்ணமும்

35-வது நாள், 1,900 கிராமில் வீட்டுக்கு வந்தாள். வாசலில் ஆரத்தி. உள்ளே எண்ணெய்க் கிண்ணத்தோடு மாமியார்.

“மாப்ள, நீங்க தள்ளுங்க. எண்ணெய் தேய்ச்சு உருவிவிட்டாத்தான் கை கால் வலுப்படும். தெருக்கோடி பாட்டியை வரச் சொல்லியிருக்கேன்.”

அந்தப் பாட்டியை எனக்குத் தெரியும். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, மூக்கை நீவி, காதில் எண்ணெய் விட்டு, கடைசியில் காலைப் பிடித்துத் தலைகீழாக ஓர் உதறு உதறுவார். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படி உதறப்பட்டவர்கள்தான்.

“அத்தை, வேண்டாம். டாக்டரைக் கேட்டுக்கலாம்.”

“என் மூணு பிள்ளைங்களுக்கும் எந்த டாக்டரைக் கேட்டேன்?”

மனைவி இரண்டு பேரையும் பார்த்தாள். குடும்பப் பட்ஜெட்டில் துண்டு விழும்போது பார்க்கிற அதே பார்வை. மறுநாள் மூன்று பேருமாக பிசியோதெரபிஸ்ட் மேடம் முன்னால் ஆஜரானோம்.

அவர் யாரையும் திட்டவில்லை. “பாட்டி செய்யறதுல பாதி ரொம்ப சரி” என்றார். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அவர் சொன்னதன் சாரம் இது. பிரான்ஸைச் சேர்ந்த பிரடெரிக் லெபோயே என்ற பிரசவ டாக்டர், கல்கத்தாவில் ஒரு தாய் தெருவோரத்தில் உட்கார்ந்து குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதைப் பார்த்து அசந்துபோய், அந்தத் தாயின் பெயரிலேயே ‘சாந்தலா’ என்று 1976-ல் ஒரு புத்தகம் போட்டார். அதன் வழியாக நம் ஊர் எண்ணெய்த் தேய்ப்பு மேல்நாடு போனது. 1986-ல் அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்ட் என்ற ஆராய்ச்சியாளர் குறைமாதக் குழந்தைகளுக்கு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு 15 நிமிஷம், 10 நாள் செய்து பார்த்தார். 5 நிமிஷம் தடவல், 5 நிமிஷம் கை கால்களை மெல்ல மடக்கி நீட்டல், மறுபடி 5 நிமிஷம் தடவல். அந்தக் குழந்தைகள் தினமும் 47 சதவிகிதம் கூடுதலாக எடை போட்டன. 6 நாள் முன்னதாக வீட்டுக்குப் போயின. சாப்பிட்ட பால் என்னவோ மற்றக் குழந்தைகள் சாப்பிட்ட அளவுதான்.

“அப்ப உதறல்?” என்றேன்.

“அது மீதிப் பாதி. அது கூடவே கூடாது. தலைகீழாப் பிடிக்கக் கூடாது. மூக்கு, காதுல எண்ணெய் விடக் கூடாது. வயித்தை, மார்பை அமுக்கக் கூடாது. மூட்டை இழுத்துச் சொடக்கெடுக்கக் கூடாது. சாம்பிராணிப் புகை, குறைமாத நுரையீரலுக்கு ஆகவே ஆகாது.”

“பூ மாதிரி தடவினா போதுமா?” இது அத்தை.

“அதுவும் தப்பு பாட்டி. ரொம்ப லேசாத் தொட்டாக் கூசும். எரிச்சல்தான் வரும். உள்ளங்கை முழுக்கப் பதிச்சு, நிதானமான அழுத்தம்.”

நான் கணக்குப் படித்தவன் ஆயிற்றே, நுணுக்கமாகப் பார்த்தேன். உலக சுகாதார நிறுவனம் கங்காருவை ‘பரிந்துரைக்கிறோம்’ என்கிறது. எண்ணெய் தடவுவதை ‘பரிசீலிக்கலாம்’ என்கிறது. அக்ரிமென்ட் படித்தவர்களுக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரியும். மசாஜ் எடைக்கு உதவும் என்பதற்குத்தான் சாட்சி அதிகம். அதனாலேயே குழந்தை சீக்கிரம் நடக்கும் என்று யாரும் ரசீது எழுதித் தரவில்லை. மேடமும் அதை மறைக்கவில்லை.

“அசைவுக்கு முக்கியம், நீங்க அவளை அசைக்கிறது இல்லை சார். அவளே அசையறதுக்கு நீங்க வழி பண்றது. எண்ணெய் தேய்ச்ச பத்து நிமிஷத்துல அவ முழிச்சிருப்பா, சந்தோஷமா இருப்பா. அதுதான் பாடம் நடத்துற நேரம்.”

நார்வேயில் இதைப் பெற்றோரை வைத்தே செய்து பார்த்திருக்கிறார்கள். 2016-ல் வெளிவந்த ஆய்வு. நாளைக்கு இரண்டு வேளை, பத்துப் பத்து நிமிஷம், மூன்று வாரம். குழந்தையின் தலையை நடுவில் நிறுத்துவது, கைகளை ஒன்றுசேர்ப்பது, ஒருக்களிக்கவும் குப்புறவும் பழக்குவது, தாங்கி உட்காரவைப்பது. உடனடியாக அசைவுகளில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் இரண்டு வயதில் பார்த்தபோது இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. செய்த குழந்தைகளுக்குள்ளேயே, அதிக நேரம் செய்தவர்கள் மேலாக இருந்தார்கள். எனக்குப் புரிந்தது இது: மூன்று வாரம் கட்டிவிட்டு நிறுத்துகிற சீட்டு அல்ல இது. ரெக்கரிங் டெபாசிட்.

உடன்படிக்கை ஆயிற்று. எண்ணெய் அத்தை கையில். தேங்காய் எண்ணெய்தான், கடுகெண்ணெய் இல்லை. கை கால் மடக்கி நீட்டுவது மனைவி. விழித்திருக்கும்போது என் நெஞ்சில் குப்புறப் போட்டுத் தலையைத் தூக்கவைப்பது நான். தெருக்கோடி பாட்டிக்கு ஒரு புடவை வாங்கிக் கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தோம்.

இரண்டு பிறந்த நாள்காரி

ஆறாவது மாதம் ஒரு கல்யாணத்தில் சொந்தக்காரக் குழந்தை ஜமக்காளத்தில் உருண்டு விளையாடியது. இவள் மல்லாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இன்னும் குப்புற விழலையா?” என்று மூன்று பேர் கேட்டார்கள். நாலாவது ஆள் வருவதற்குள் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கவுன்டன்ட் செய்கிற முதல் தப்பை நான் செய்திருந்தேன். ஆரம்பத் தேதியையே தவறாகப் போட்டிருந்தேன். குறைமாதக் குழந்தைக்கு வயதை, பிறந்த தேதியிலிருந்து அல்ல, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்கிட வேண்டும். இரண்டு வயது வரை இப்படித்தான். 40-லிருந்து 31 போனால் 9 வாரம். ஆக, என் மகளுக்கு ஆறு மாதம் அல்ல, நாலு மாதம். நாலு மாதக் குழந்தை கல்யாணத்தில் மின்விசிறியைப் பார்க்காமல் வேறென்ன செய்யும்?

ஆனால் திருத்திய கணக்கிலும் ஒன்று மட்டும் டேலி ஆகவில்லை. இடது கை. எப்போது பார்த்தாலும் கட்டைவிரல் உள்ளே போய் மூடியே இருந்தது. முதலில் கவனித்தது அத்தைதான். “எண்ணெய் தேய்க்கிறப்ப இந்தக் கை மட்டும் விரிய மாட்டேங்குது மாப்ள.” தினமும் தொடுகிற கைக்குத்தான் அது தெரிந்தது.

டாக்டரம்மா, “அவ முழிச்சு, அழாம இருக்கிறப்ப மூணு நிமிஷம் மொபைல்ல வீடியோ எடுத்துட்டு வாங்க” என்றார். அந்த வயதில் குழந்தையின் கைகால்களில் ஓயாத சின்னச் சின்ன அசைவுகள் இருக்க வேண்டுமாம். அதைப் பார்த்தே நரம்பு மண்டலத்தின் நிலையைச் சொல்ல முடியும். ஹைன்ஸ் பிரெக்டல் என்ற மருத்துவர் காட்டிய வழி. அசைவுகள் இருந்தன, இடது பக்கம் குறைவாக இருந்தன.

அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியில் நானும் மனைவியும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கான ‘ஆரம்பநிலை இடையீட்டு மையம்’ என்று ஒன்று உண்டு. பெயர்தான் கரடுமுரடு. சிகிச்சை இலவசம். அங்கே அனுப்பினார்கள். நான் மூடிய விரல்களைப் பிடித்துத் திறக்கப் பார்த்தேன். “முறுக்காதீங்க சார், திறக்க அவளுக்கு ஒரு காரணம் குடுங்க” என்றார்கள். கிலுகிலுப்பை இடது பக்கம் போனது. இடது மணிக்கட்டில் சலங்கை. நான் உட்காருவது, பேசுவது எல்லாம் இடது பக்கம். பிறகு அவர்கள் சொல்லிக்கொடுத்தபடி தினம் அரை மணி நேரம் வலது கையில் ஒரு சாக்ஸை மாட்டிவிட்டு, இடது கையால் விளையாடவிட்டோம். அழுதாள். திட்டினாள் என்றுகூடச் சொல்லலாம். நாங்கள் விடவில்லை.

திருத்திய வயது எட்டு மாதத்தில் உட்கார்ந்தாள். பதினைந்தாவது மாதத்தில் சமையலறையிலிருந்து ஹால் வரை நடந்தாள். குழந்தைகள் 8-லிருந்து 18 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று தெரிந்திருந்தும், அன்றைக்கு அத்தை அழுதார். நான் அழவில்லை, ஜலதோஷம்.

பக்கத்து நாற்காலி நண்பரை இன்றும் பார்க்கிறேன். அவர் மகனுக்குப் பிறந்த முதல் வாரத்திலேயே மூளையில் ரத்தக்கசிவு. மூளை முடக்குவாதம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வயதாகியும் நடக்கவில்லை. தாங்கல் வைத்த நாற்காலியில் உட்காருகிறான். ஒருநாள் டீக்கடையில் கேட்டார். “நான் பகல்லயும் வந்திருக்கணுமோ சார்? லீவு போட்டிருந்தா சரியாயிருக்குமோ?”

இந்தக் கேள்வியை அவர் டாக்டரம்மாவிடமும் கேட்டிருக்கிறார். “ரத்தக்கசிவுக்கும் உங்க லீவுக்கும் சம்பந்தமே இல்லை. நீங்க தினம் செய்யறதாலதான் அவன் மூட்டு இறுகாம இருக்கு, உட்கார முடியுது” என்றாராம். சொன்னாலும் மனசு கேட்கவில்லை அவருக்கு. இன்றும் ராத்திரி எட்டரைக்கு வீட்டுக்குப் போனதும் சட்டையைக் கழற்றிவிட்டு மகனோடு தரையில் உட்கார்ந்துவிடுகிறார்.

நானும் அவரும் செய்தது ஒரே வேலை. எனக்குக் கிடைத்த பலன் வேறு, அவருக்குக் கிடைத்தது வேறு. இந்தப் பேரேட்டில் பாஸ், ஃபெயில் என்று கடைசியில் கோடு போட முடியாது. அன்றன்றைய வரவை அன்றன்றைக்கு எழுதிக்கொண்டே போக வேண்டியதுதான்.

அப்பாக்களின் கவனத்துக்கு...

* மசாஜை டாக்டர் ‘சரி’ சொன்னபிறகே தொடங்குங்கள். கதகதப்பான அறை, கழுவிய சூடான கை, பால் குடித்து முக்கால் மணியாவது ஆகியிருக்க வேண்டும்.

* விரல்களை விறைத்து விரிப்பது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, விக்கல், கொட்டாவி, நிறம் மாறுவது... எல்லாம் ‘போதும்பா’ என்று அர்த்தம். நிறுத்திவிடுங்கள்.

* விழித்திருக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்கக் குப்புற, தூங்கும்போது மல்லாக்க. மாற்றிவிடாதீர்கள்.

* சக்கரம் வைத்த வாக்கர் வேண்டாம். அது நடையைச் சீக்கிரம் கொண்டுவராது, ஆபத்தும்கூட. கனடாவில் 2004-லிருந்தே தடை.

* திருத்திய வயது நாலு மாதத்தில் தலை நிற்கவில்லை, கை மூடியே இருக்கிறது, கால் விறைப்பாக இருக்கிறது, ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்துகிறது என்றால் ‘போகப்போகச் சரியாகும்’ என்று உட்காராதீர்கள்.

* பிறந்து 30 நாளுக்குள் கண் விழித்திரைப் பரிசோதனை. இது மறந்தே போகிற ஐட்டம். டைரியில் குறித்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு இப்போது மூன்று வயது தாண்டிவிட்டது. இடது காலில் இன்னும் லேசான இறுக்கம். தினம் இருபது நிமிஷப் பயிற்சி நடக்கிறது. தூக்கம் வந்தால் மட்டும் என் நெஞ்சுதான் வேண்டும். இப்போது சிஸ்டர் வேலையையும் அவளே பார்க்கிறாள்.

“அப்பா, சட்டையைக் கழட்டு!”

“நீயே கழட்டு” என்பேன். “அந்தக் கையால.”

இடது கையால் ஒரு பட்டனைக் கழற்ற இரண்டு நிமிஷம் ஆகிறது. சட்டையில் ஏழு பட்டன். நடுவில் எடிட்டரிடமிருந்து போன் வந்தால் எடுப்பதில்லை.

கட்டுரை லேட்டானதற்குக் காரணம் அதுதான் சார்!